புகை விட்டுப் பார்க்க 120 வெள்ளி கொடுக்கலாமா?

கேட்கப்பட்டது சுருக்கமாக: ஒன்பது வயது ஜப்பானிய கார், 1600 சிசி, டர்போ இல்லை. இரண்டு வாரமாக எஞ்சின் விளக்கு எரிகிறது. சிக்னலில் நின்றால் வண்டி ஆடுகிறது. ஸ்கேனர் காட்டும் கோடு பி0171. சிங்கப்பூரில், ஊபியில் ஒரு ஒர்க்‌ஷாப் ஸ்மோக் டெஸ்ட்டுக்கு, அதாவது புகை விட்டுக் காற்றுக் கசிவைக் கண்டுபிடிக்க, 120 வெள்ளி கேட்கிறது. நண்பர் ஒருவர் ஆக்ஸிஜன் சென்சரை மாற்றச் சொல்கிறார். அடுத்த மாதம் வாகனச் சோதனை. யூடியூபில் பெயின்ட் டப்பாவை வைத்தே புகை மெஷின் செய்கிறார்களே, நானே செய்யலாமா அண்ணே?

தம்பி, 120 வெள்ளி கொடுக்கலாம். ஆனால் அதற்கு முன் நீங்கள் பார்க்க வேண்டிய எண் ஒன்று இருக்கிறது. அதைப் பார்க்காமல் புகை விட்டால், மெஷின் ஏதாவது ஓர் ஓட்டையைக் காட்டும், பணம் கொடுத்து அடைப்பீர்கள், விளக்கு மறுபடியும் எரியும். ஒன்பது வயது எஞ்சினில் எங்காவது கொஞ்சம் புகை கசியாமல் இருக்காது.

முதலில் பி0171 என்ன சொல்கிறது என்று பார்ப்போம். எஞ்சினுக்குள் ஊற்றும் பெட்ரோலுக்குத் தேவையானதைவிடக் காற்று அதிகம் என்கிறது, அவ்வளவுதான். சரியான அளவு ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று, எடைக் கணக்கில். ஏர் ஃபில்டரைத் தாண்டியதும் ஒரு சென்சர் உள்ளே போகும் காற்றை அளக்கிறது; கம்ப்யூட்டர் அதற்கேற்றபடி பெட்ரோல் ஊற்றுகிறது. அந்தச் சென்சருக்குப் பின்னால் ஒரு குழாய் விரிந்திருந்தால், வாசலில் டிக்கெட் வாங்காமல் பின்பக்கச் சுவர் ஏறிக் குதிப்பவன் மாதிரி, கணக்கில் வராத காற்று உள்ளே போகும். எக்ஸாஸ்டில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சர் இதைக் கண்டுபிடித்துச் சொல்கிறது. உங்கள் நண்பர் மாற்றச் சொல்வது அந்தச் சென்சரைத்தான். எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? சென்சரும் கெட்டுப்போகும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதில் தொடங்குவது பணத்துக்குக் கேடு.

இப்போது அந்த எண். நல்ல ஸ்கேனர் என்றால் கோடு மட்டுமல்லாமல் ஃபியூல் ட்ரிம் என்று, கம்ப்யூட்டர் எவ்வளவு பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது என்ற சதவீதமும் காட்டும். குறுகிய காலத்துக்கு ஒன்று, நீண்ட காலத்துக்கு ஒன்று, இரண்டையும் கூட்டிக்கொள்ளுங்கள். பூஜ்யத்தைச் சுற்றி இருந்தால் நல்லது. கூட்டிய எண் +10ஐத் தாண்டினால் கம்ப்யூட்டர் எதையோ ஈடுகட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். எஞ்சின் சூடான பிறகு ஐட்லிங்கில், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல், ஒரு முறை பாருங்கள். அப்புறம் கியரைப் போடாமல் 2,500 ஆர்பிஎம்மில் பிடித்து ஒரு முறை பாருங்கள். ஐட்லிங்கில் 20 காட்டியது 2,500இல் 4, 5 என்று இறங்கினால், காற்று எங்கோ புகுகிறது. புகை மெஷினுக்கு வேலை இருக்கிறது.

ஏன் இறங்குகிறது என்று கேட்டால் சின்னக் கணக்குதான். உங்கள் எஞ்சின் மாதிரி 1600 சிசி ஐட்லிங்கில் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 2 கிராம் காற்று இழுக்கும். ஓட்டை வழியாக 0.4 கிராம் திருட்டுத்தனமாக வருகிறது என்று வையுங்கள். அது 20 சதவீதம். 2,500இல் எஞ்சின் இழுப்பது 8 கிராம் ஆகிவிடும், ஓட்டை வளரவில்லை, அதே 0.4தான். 5 சதவீதம் ஆகிவிட்டது. மாறாக, ஆர்பிஎம் ஏற ஏற எண்ணும் ஏறினால் அது காற்று ஓட்டை அல்ல. பெட்ரோல் பம்ப் தளர்ந்திருக்கும், ஃபில்டர் அடைத்திருக்கும், அல்லது காற்றை அளக்கும் சென்சரே அழுக்காகிப் பொய் சொல்லும். அப்போது புகைக்கு ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள்.

ஒரு விதிவிலக்கு. சில எஞ்சின்களில் காற்றை அளக்கும் சென்சர் கிடையாது; சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் மேனிஃபோல்டில் உள்ள அழுத்தத்தைப் பார்த்துக் காற்றைக் கணக்கிடும். அவற்றில் ஓட்டை விழுந்தால் கம்ப்யூட்டர் அதையும் சேர்த்தே பெட்ரோல் ஊற்றிவிடும். ட்ரிம் பெரிதாக மாறாது, ஐட்லிங் மட்டும் ஏறி நிற்கும். பழைய ஹோண்டாக்களில் இதை நிறையப் பார்க்கலாம்.

சரி, மெஷினுக்கு வருவோம். பெயர்தான் புகை, உண்மையில் எதுவும் எரிவதில்லை. மூடிய டப்பாவுக்குள் மினரல் ஆயில் இருக்கும், பேபி ஆயில் மாதிரி. அதில் 12 வோல்ட்டில் சூடாகும் ஒரு கம்பி. எண்ணெய் ஆவியாகி, பின்னால் வரும் காற்றில் குளிர்ந்து, மிக நுண்ணிய துளிகளாகி வெள்ளையாக வெளியே வரும். அதை மிகக் குறைந்த அழுத்தத்தில் எஞ்சினின் காற்றுப் பாதைக்குள் தள்ளுகிறோம். எவ்வளவு குறைவு என்றால், உங்கள் டயரில் 32 பிஎஸ்ஐ இருக்கிறது, இங்கே 1 பிஎஸ்ஐ போதும். எஞ்சின் ஓடும்போது அந்த ஓட்டை காற்றை உள்ளே இழுக்கிறது. நாம் எஞ்சினை நிறுத்திவிட்டு அதே ஓட்டை வழியாகப் புகையை வெளியே வரவைக்கிறோம். வெள்ளிக்கிழமை வீட்டில் சாம்பிராணி போடும்போது எந்த ஜன்னல் சரியாகச் சாத்தவில்லை என்று புகையே காட்டிக்கொடுக்குமே, அதே சங்கதி.

இது வருவதற்கு முன் நாங்கள் கார்புரேட்டர் கிளீனரை எடுத்து எஞ்சின் ஓடும்போது குழாய்களின் மேல் அடிப்போம். ஓட்டையுள்ள இடத்தில் பட்டால் எஞ்சின் சத்தம் மாறும். வேலை செய்யும்தான். சூடான எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் எரியக்கூடிய திரவத்தைப் பீய்ச்சுகிறோம் என்பதை மட்டும் யாரும் பேசமாட்டோம். அதோடு ஸ்ப்ரே பரவி எல்லா இடத்தையும் நனைத்துவிடும், எந்த ஓட்டை என்று துல்லியமாகத் தெரியாது.

ஒர்க்ஷாப்புகள் நிறைந்த சின் மிங்கில் நான் வேலை பழகிய இடத்துக்கு முதல் புகை மெஷின் வந்தபோது ஒரு வாரம் எங்களுக்கு எதுவுமே கண்ணில் படவில்லை. மெஷின் சரியில்லை, திருப்பி அனுப்பு என்று கத்தினோம். தவுக்கே, அதாவது முதலாளி, பெரியவர் எழுந்து வந்தார், எதுவும் பேசவில்லை, சுவரில் ஓடிக்கொண்டிருந்த பெரிய மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போனார். நம்ம ஊர் ஒர்க்‌ஷாப்பில் விசிறி இல்லாமல் யார் வேலை செய்வார்கள்? நூல் போல வரும் புகை அந்தக் காற்றில் வந்த மறுகணமே கலைந்துபோயிருக்கிறது. ஆகவே உங்கள் காருக்கு டெஸ்ட் நடக்கும்போது விசிறி சுற்றிக்கொண்டிருந்தால் தயங்காமல் நிறுத்தச் சொல்லுங்கள். நல்ல டார்ச் விளக்கும் வேண்டும், அதை நேராக அல்லாமல் பக்கவாட்டில் பிடிக்க வேண்டும். சிலர் எண்ணெயில் யூவி சாயம் கலப்பார்கள். கசிந்த இடத்தில் கறை படியும், நீல விளக்கில் பச்சையாகத் தெரியும். மெல்லிய கசிவுக்கு அது நல்லது.

இன்னொரு கதை, இது என் தப்பு. புகையை எஞ்சினுக்குள் விட ஏதாவது ஒரு குழாயைக் கழற்றி, அந்த வழியாக விட வேண்டும். எளிதாகக் கைக்கு எட்டுவது பிரேக் மிதியை லேசாக்கும் பிரேக் பூஸ்டருக்குப் போகும் வேக்குவம் குழாய். அதைக் கழற்றி, ஏர் ஃபில்டர் பக்கத்தை அடைத்து, புகை விட்டேன். மேனிஃபோல்ட் கேஸ்கெட் பக்கம் லேசாகப் புகை வந்தது. ஆஹா என்று மேனிஃபோல்டை இறக்கி கேஸ்கெட் மாற்றி வண்டியைக் கொடுத்தேன். நாலு நாளில் வண்டி அதே ஆட்டத்தோடு திரும்பி வந்தது. ஓட்டுநர், டாக்ஸிக்காரர், பொறுமையான மனிதர், "பிரேக்கை மிதித்தா உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வருதுப்பா" என்றார். கிழிந்திருந்தது பூஸ்டருக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு. நான் புகை விடக் கழற்றியதே பூஸ்டரின் குழாயை. அப்படியென்றால் பூஸ்டர் என் டெஸ்ட்டிலேயே சேரவில்லை. எந்த வழியாகப் புகை விடுகிறோமோ அந்த வழி சோதிக்கப்படுவதில்லை. கேஸ்கெட் காசை நான்தான் ஏற்றுக்கொண்டேன். அன்றிலிருந்து இரண்டு இடத்தில் இருந்து விட்டுப் பார்ப்பேன்.

அந்தக் கேஸ்கெட்டில் வந்த புகை பொய்யா? பொய்யில்லை, கசிந்ததுதான். ஆனால் 20 சதவீதத்துக்கு அது போதாது. புகை ஓட்டையைக் காட்டும், அந்த ஓட்டைதான் உங்கள் நோய்க்குக் காரணமா என்று அது சொல்லாது. நல்ல மெஷின்களில் ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் சின்னக் குண்டு மிதக்கும். எவ்வளவு காற்று வெளியேறுகிறது என்று அதன் உயரம் சொல்லும். கண்டுபிடித்த ஓட்டையை விரலால் அடைத்தால் குண்டு நன்றாகக் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பெரிய ஓட்டை வேறெங்கோ இருக்கிறது. உங்கள் மெக்கானிக் இதைச் செய்து காட்டினால் அவரை விட்டுவிடாதீர்கள்.

பயந்துவிடக் கூடாத புகைகளும் உண்டு. டெயில்பைப் வழியாகப் புகை வந்தால் எஞ்சின் போச்சு என்று நினைக்க வேண்டாம்: நின்றிருக்கும் எஞ்சினில் ஏதோ ஒரு சிலிண்டரின் இரண்டு வால்வுகளும் ஒரே நேரத்தில் சற்றுத் திறந்திருக்கலாம். கிராங்க்கைக் கொஞ்சம் திருப்பினால் நின்றுவிடும். டிப்ஸ்டிக், ஆயில் மூடி பக்கம் புகை வந்தால் யோசிக்க வேண்டும். எஞ்சினின் உள்மூச்சுக்கான பிசிவி குழாய் வழியாகப் புகை எண்ணெய்ப் பகுதிக்குள் போகும், அங்கிருந்து கசிந்தால் அதுவும் கணக்கில் வராத காற்றுதான். ஐரோப்பிய கார்களில் வால்வு கவருக்குள் இருக்கும் பிசிவி சவ்வு கிழிவது வாடிக்கையான தொந்தரவு.

உங்கள் காரில் நான் முதலில் பார்ப்பது ஏர் பாக்ஸில் இருந்து த்ராட்டிலுக்குப் போகும் மடிப்பு மடிப்பான ரப்பர் குழாய். மேலிருந்து பார்த்தால் புதுசு மாதிரி இருக்கும். அடிப்பக்க மடிப்புக்குள் வெடித்திருக்கும். எஞ்சின் ஆட ஆட அந்த மடிப்பு விரிந்து மூடும். அதைக் கையால் வளைத்துப் பார்க்கப் புகையே தேவையில்லை. பிறகு மேனிஃபோல்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும் பிசிவி குழாய். தொட்டால் ரொட்டி மாதிரிப் பொடிந்தால் முடிந்தது கதை. அதற்கப்புறம்தான் கேஸ்கெட், இன்ஜெக்டர் ஓ-ரிங் எல்லாம்.

காலையில் மட்டும் ஆட்டம், சூடானால் சரியாகிவிடுகிறது என்றால் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதுதான் புகை விட வேண்டும். பிளாஸ்டிக் மேனிஃபோல்ட் சூட்டில் விரிந்து ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்ளும். நம்ம ஊரில் குளிர்ந்த எஞ்சின் என்றால் இரவு முழுக்க நின்ற வண்டிதான். ஆகவே முந்தின நாளே ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிடுங்கள்.

டர்போ வண்டிக்காரர்கள் யாராவது இதைப் படித்தால்: 1 பிஎஸ்ஐ புகையில் தப்பிக்கும் இன்டர்கூலர் குழாய், ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது 15 பிஎஸ்ஐயில் வாயைப் பிளக்கும். உங்களுக்கு அதிக அழுத்தம் தாங்கும் மெஷின் வேண்டும், இல்லையென்றால் காற்றை ஏற்றிச் சோப்புத் தண்ணீர் அடிக்க வேண்டும்.

இனி அந்த யூடியூப். அமெரிக்க வீடியோக்களில் பாதிக்குமேல் பி0442, பி0455, பி0456 பற்றித்தான் இருக்கும். பெட்ரோல் டாங்கின் ஆவி வெளியே கசிகிறதா என்று வண்டியே தன்னைச் சோதித்துக்கொள்ளும் ஏற்பாடு அது. அரை மில்லிமீட்டர் ஓட்டைக்குக்கூட விளக்கைப் போட வேண்டும் என்பது அந்த ஊர்ச் சட்டம். இங்கே ஓடும் ஜப்பானிய, ஐரோப்பிய கார்கள் பெரும்பாலானவற்றில் ஆவியைப் பிடித்து வைக்கும் கரிப் பெட்டி உண்டு, அதைத் திறந்துவிடும் பர்ஜ் வால்வு உண்டு. ஆனால் கசிவைச் சோதிக்கும் அந்த ஏற்பாடு கிடையாது. அதனால் இங்கே டாங்க் பக்கம் புகை விடுவது, காருக்குள் பெட்ரோல் வாடை அடிக்கிறது என்று யாராவது சொன்னால்தான்.

அப்படிச் சொல்பவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "ஜொகூர் போனீங்களா?" என்பதுதான். சிங்கப்பூர் வண்டி முக்கால் டாங்க் பெட்ரோல் இல்லாமல் மலேசிய எல்லையைத் தாண்ட முடியாது. 1989இல் அரை டாங்க் என்று தொடங்கி 1991இல் முக்கால் ஆன விதி. மீதிக் கால் டாங்க்கைப் பெட்ரோல் மலிவான அந்தப் பக்கம் நிரப்பும்போது, இவ்வளவு தூரம் வந்தாச்சே என்று கிளிக் சத்தம் கேட்ட பிறகும் அழுத்தி அழுத்தி, வண்டியை ஆட்டி ஆட்டி வழியும்வரை ஊற்றுகிறார்கள். ஆவிக்காக வைத்த பாதையில் திரவப் பெட்ரோல் போய்க் கரிப் பெட்டியை நனைக்கிறது. அதன் பிறகு பெட்ரோல் போட்டதும் ஸ்டார்ட் ஆக முரண்டு பிடிப்பது, வாடை, ஐட்லிங் ஆட்டம். கரித் தூள் கிளம்பி பர்ஜ் வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டால் உங்களுடையது மாதிரியே ட்ரிம் ஏறலாம். ஆகவே உங்கள் வண்டியிலும் பர்ஜ் வால்வைக் கழற்றி வாயால் ஊதிப் பார்க்கச் சொல்லுங்கள். மின்சாரம் கொடுக்காதபோது காற்று போகக் கூடாது. இரண்டு நிமிட வேலை. எத்தனை லிட்டர் லாபம் பார்த்தீர்கள், கரிப் பெட்டி என்ன விலை என்று நான் கேட்கப்போவதில்லை.

இதே இடத்தில் உங்கள் பெயின்ட் டப்பா கேள்விக்கும் பதில் இருக்கிறது. பெட்ரோல் ஆவி காற்றில் ஏறக்குறைய 1.4 முதல் 7.6 சதவீதம் வரை இருந்தால்தான் தீப்பிடிக்கும். டாங்க்குக்குள் சாதாரணமாக ஆவி அதைவிட மிக அடர்த்தி. பிடிக்கக் காற்று போதாது. நீங்கள் டப்பாவில் சூடான கம்பியை வைத்து, சைக்கிள் பம்ப்பால் காற்றடித்து அதற்குள் புகை தள்ளினால் அந்த அடர்த்தியைக் குறைத்து ஆபத்தான எல்லைக்குள் கொண்டுவருகிறீர்கள். முறையாகச் செய்பவர்கள் டாங்க் பக்கத்துக்குக் காற்றுக்குப் பதில் நைட்ரஜன் அல்லது கார்பன் டை ஆக்சைடு பயன்படுத்துவார்கள், அழுத்தம் அரை பிஎஸ்ஐக்கு மேல் ஏற்றமாட்டார்கள். ஆகவே டாங்க் பக்கம் டப்பா மெஷின் வேண்டவே வேண்டாம்.

காற்றுப் பாதைக்கு மட்டும் என்றால் ஆபத்து குறைவு. இருந்தாலும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்த வழியில்லாத டப்பாவால் நல்ல சீல்களையும் பிதுக்கிவிடலாம். கம்பி எண்ணெய்க்கு வெளியே தெரிந்தால் எண்ணெய் கருகும். மேடைக் கச்சேரிக்கு விடும் புகை மெஷினும் இதற்கு ஆகாது. அது தண்ணீரும் கிளைகாலும் கலந்த திரவம், சென்சர்களில் படியும். அதோடு வீவக (அரசு வீடமைப்பு) அடுக்குமாடிக் கார் நிறுத்தத்தில் பானெட்டில் இருந்து வெள்ளைப் புகை கிளம்பினால் ஐந்து நிமிடத்தில் யாராவது 995ஐ அழைத்துவிடுவார்கள். தீயணைப்பு வண்டிக்கு நீங்கள் என்ன விளக்கம் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

வாகனச் சோதனைக்கு வருவோம். மூன்று முதல் பத்து வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை என்பதால் இது உங்களுக்குப் பத்துக்கு முன் கடைசி. அங்கே டெயில்பைப்பில் குழாயைச் செருகிக் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும் அளப்பார்கள். காற்று அதிகமானதால் கார்பன் மோனாக்சைடு ஏறாது. ஆனால் சிலிண்டர் ஒன்று சரியாகப் பற்றாமல் விட்டால் எரியாத பெட்ரோல் வெளியே வந்து ஹைட்ரோகார்பன் ஏறும். வண்டி ஆடுகிறது என்கிறீர்கள், ஆகவே சரிசெய்யாமல் கொண்டுபோகாதீர்கள். இன்னும் ஒரு வருடத்தில் சிஓஇ, அதாவது வண்டி வைத்திருக்கும் பத்து வருட உரிமம், முடிகிறது, அதைப் புதுப்பிப்பீர்களா ஸ்கிராப்புக்கு விடுவீர்களா என்பது உங்கள் கணக்கு. ஸ்கிராப்புக்கு என்றால் ஒரு குழாய் மாற்றுவதோடு நிறுத்துங்கள், கசிகிற எல்லா சீலையும் மாற்றச் சொல்பவரிடம் தலையாட்டாதீர்கள்.

ஒர்க்‌ஷாப்பில் கேட்க வேண்டியது இரண்டே இரண்டு. டெஸ்ட்டுக்கு முன்னும் பின்னும் ட்ரிம் எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் குழாய் வழியாகப் புகை விட்டீர்கள் என்று கேளுங்கள். பிரேக் குழாய் என்றால், பூஸ்டரைத் தனியாகப் பார்த்தீர்களா என்றும் கேளுங்கள். முகம் சுளித்தால் வேறு இடம் பாருங்கள். சின் மிங்கிலும் காக்கி புக்கிட்டிலும் மெஷின் வைத்திருப்பவர்கள் உண்டு.

சரிசெய்து கோடை அழித்த அன்றே சோதனைக்கு ஓடாதீர்கள். நீண்ட கால ட்ரிம் புதிதாகக் கற்றுக்கொள்ள நாலைந்து நாள் ஓட்ட வேண்டும், விரைவுச்சாலையில் கொஞ்சம், சிக்னல் நிறைந்த தெருவில் கொஞ்சம். அதன் பிறகு ஐட்லிங் எண் 5க்குள் நின்றால் போய் வாருங்கள். முதலில் எடுக்கும் இரண்டு எண்களையும் இங்கே போடுங்கள், புகைக்குப் போகலாமா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.